சொல் விளக்கம்: சப்ஸ்ட்ரேட் டிப்ளீஷன்

மீன் தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் 'சப்ஸ்ட்ரேட் டிப்ளீட் ஆயிடுச்சு' என்பார்கள். தொட்டியின் அடியில் போட்ட மண்ணில் சத்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சப்ஸ்ட்ரேட்டுக்குத் தமிழ் தேடினால் 'அடி மூலக்கூறு' என்று வந்து நிற்கும். மூலக்கூறு என்பது வேதியியலில் மாலிக்யூல். ஒரு மூட்டை மண்ணைப் போய் யாராவது மூலக்கூறு என்பார்களா?

லத்தீனில் 'சப்' என்றால் கீழே, 'ஸ்டெர்னெரே' என்றால் விரித்தல். கீழே விரித்தது, அவ்வளவுதான். நம்மிடம் படுகை இருக்கிறது. காவிரிக்குச் சரியான சொல் தொட்டிக்கும் சரிதான்.

டிப்ளீஷனின் லத்தீன் வேருக்கு நிறைந்ததைக் காலி செய்தல் என்று பொருள். ஆகவே வெறும் ஆற்று மணல் போட்ட தொட்டிக்கு இந்தச் சொல் ஒட்டாது; அதில் தீர்ந்துபோக என்ன இருக்கிறது? ஜப்பானின் தகாஷி அமானோ தொடங்கிய ஏடிஏ நிறுவனத்தின் 'அக்வா சாயில்' போன்ற குருணை மண்ணுக்குத்தான் பொருந்தும். அது புதிதில் அமோனியாவைக் கக்கும். முதல் சில வாரம் அடிக்கடி தண்ணீர் மாற்றுவது அதனால்தான். அமோனியாவாக வெளியேறும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஒரு பங்கு அப்படியே சாக்கடைக்குப் போகும். மிச்சத்தை வேர்கள் உறிஞ்சும். ஓரிரு ஆண்டில் அமேசான் ஸ்வார்ட் என்ற தொட்டிச் செடியின் அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கும்.

கடினத்தன்மை மிகுந்த போர் தண்ணீர் ஊற்றினால் குருணையின் நீரை மென்மையாக்கும் திறனும் சீக்கிரம் தீரும். அதையும் டிப்ளீஷன் என்கிறார்கள். ஆனால் அது வேறு, சத்து தீர்வது வேறு.

இந்த மண்ணைச் 'சக்கை' என்று சொல்ல எனக்கும் முதலில் ஆசைதான். ஆனால் கரும்புச் சக்கைக்குள் சாறு திரும்பாது. குருணை அப்படியல்ல. அதிலுள்ள களிமண், மட்கு இரண்டும் எதிர்மின்னூட்டம் கொண்டவை; அமோனியம், பொட்டாசியம் போன்ற நேர்மின் அயனிகளைப் பிடித்து வைக்கும். சத்து தீர்ந்த பிறகும் அந்தப் பிடிமானம் இருக்கும். வேரடியில் ரூட் டேப் எனும் உர மாத்திரையைப் புதைத்தால் மறுபடி நிரம்பும். வற்றிய கிணறு ஊறுகிற மாதிரி. அதனால் 'சத்து வற்றுதல்' என்பதே என் தேர்வு. வற்றல் என்று சுருக்கிவிடாதீர்கள், மோர்மிளகாய்தான் நினைவுக்கு வரும்.

குருணையே கரைந்து சேறாகி, வேரடியில் நீரோட்டம் நின்றுவிட்டால் அது வற்றுதல் ஆகாது. அதற்கு மாத்திரை மருந்தல்ல. அள்ளிப் பூந்தொட்டியில் போட்டுவிட்டுப் புதுப் படுகை விரிக்க வேண்டியதுதான்.