கசோர்லாவின் கணுக்காலில் பாதிப் பெயர்

போன வாரம் ஒரு தம்பி வந்தான். கல்லூரிக் கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடுகிறவன். குதிகாலில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம். அவன் காலுறையைக் கழற்றியதும் அதன் பின்பக்கத்தில் ஒரு மஞ்சள் கறை தெரிந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "பத்து நாளா லேசா ஈரம் சார், தானா காஞ்சிரும்" என்றான். அப்புறம் கைபேசியை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டினான். சாந்தி கசோர்லா என்ற ஸ்பெயின் கால்பந்து வீரர். "இவருக்கு இதைவிட மோசம் சார். பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்துட்டாரே!"

இந்த வருடம் அந்த வீடியோவை என்னிடம் காட்டிய நாலாவது ஆள் இவன். பிசியோதெரபிஸ்டாக எனக்குப் பொறுக்கவில்லை. கசோர்லாவின் கதையைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

கசோர்லா ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதிக்காரர், 1984இல் பிறந்தவர். இரண்டு காலாலும் ஒரே மாதிரி அடிப்பார். கார்னரைக்கூட இன்றைக்கு இந்தக் கால், நாளைக்கு அந்தக் கால் என்று எடுப்பார். ஸ்பெயினில் வில்லாரியல், மலாகா அணிகள், 2012 முதல் இங்கிலாந்தின் ஆர்செனல். 2008, 2012 இரண்டு யூரோ கோப்பைகளையும் வென்ற ஸ்பெயின் அணிகளில் இருந்தார். 2014இல் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தில் ஹல் சிட்டி இரண்டு கோல் முன்னே இருந்தபோது ஆர்செனலை மீட்கத் தொடங்கியது அவருடைய ஃப்ரீ கிக்தான்.

2013 செப்டம்பரில் ஜெனீவாவில் சிலிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் கணுக்காலில் அடிபட்டது. எலும்பில் கீறல். அதன் பிறகு அந்த வலி அவரை முழுசாக விட்டுப் போகவில்லை. உடம்பு சூடேறியதும் ஆட முடிந்தது, இடைவேளையில் உட்கார்ந்து கால் குளிர்ந்ததும் அழுகை வரும் அளவுக்கு வலித்தது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

இந்த இடத்தில்தான் நான் நிறுத்திப் பேச வேண்டும். "சூடேறினா வலி போயிடுது சார், அப்ப ஒண்ணும் இல்லைதானே?" தினமும் கேட்கிற கேள்வி இது. இல்லை தம்பி. குதிகால் தசைநாண் கெட ஆரம்பித்திருக்கிறது என்பதற்கே அது அடையாளம். நம்மூரில் அதைக் குதிகால் நரம்பு என்பார்கள். அது நரம்பு இல்லை, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் நாண். அடிபட்ட நாண், ஓட ஆரம்பித்த பத்து நிமிடத்தில் வலியைக் குறைத்துக் காட்டும். குணமானதால் அல்ல. அதற்குள்ளே இருக்கும் சேதம் அப்படியேதான் இருக்கும். எனவே ஆட்டத்தின்போது வலிக்கிறதா என்று பார்க்காதீர்கள். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் பத்து அடியைப் பாருங்கள். நேற்றைக்கு இருந்ததைவிட இன்று அதிகமாக இழுக்கிறது, நொண்ட வைக்கிறது என்றால் நேற்று ஆடியது அதிகம். அவ்வளவுதான் கணக்கு. ஸ்கேன் சொல்லாததைக்கூட அந்தப் பத்து அடி சொல்லிவிடும்.

கசோர்லா மூன்று வருடம் போல அப்படி ஆடினார். 2016 அக்டோபர் 19, லுடோகோரெட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பாதியில் வெளியே வந்தார். ஆர்செனலுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது. பிறகு அறுவை சிகிச்சை. தையல் போட்டார்கள், பிரிந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி பிரிந்தது. மஞ்சளாக நீர் கசிந்துகொண்டே இருந்தது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தால் திருப்திப்படுங்கள் என்றுகூட அவரிடம் சொல்லப்பட்டது.

2017 மே மாதம் ஸ்பெயினில் வித்தோரியா நகரத்து மருத்துவர் மிக்கேல் சான்செஸ் காலைத் திறந்து பார்த்தார். உள்ளே கடுமையான தொற்று. குதிகால் எலும்பின் ஒரு பகுதி கெட்டிருந்தது. தசைநாணில் 8 சென்டிமீட்டர் இல்லை, கிருமி தின்றுவிட்டது. அந்த நாண் மொத்தமே சுமார் 15 சென்டிமீட்டர்தான். காலையே இழக்கிற நிலைக்குப் பக்கத்தில் போய்விட்டிருந்தார். நாணைச் சீரமைத்து, மேலே மூட முன்கைத் தோலை எடுத்து வைத்தார்கள். குதிகாலுக்குப் பின்னால் தோல் மெல்லியது, ரத்த ஓட்டமும் குறைவு, அங்கே புண் ஆறுவது எப்போதுமே சிரமம். எடுத்த தோலில் அவர் மகளின் பெயர் பச்சை குத்தியிருந்தது. மகள் பெயர் இந்தியா. இன்றைக்கு அந்தப் பெயரில் பாதி கையில், பாதி கணுக்காலில்.

வீடியோவில் அந்தப் பச்சையைக் காட்டுகிறார்கள். அது அங்கே வந்த காரணத்தைக் காட்டுவதில்லை. மனவலிமை அவருக்கு நிறைய இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆறாத புண்ணை மனவலிமை ஆற்றாது. காலைத் திறந்து பார்த்து, கிருமியைக் கண்டுபிடித்து அகற்றியதுதான் அவர் காலைக் காப்பாற்றியது. அதன் பிறகு குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் ஸ்பெயினின் சலமங்கா நகரில் பயிற்சி. 636 நாள் கழித்து, 2018 ஜூலை 17 அன்று வில்லாரியலுக்காக ஒரு நட்பு ஆட்டத்தில் இறங்கினார். 2019இல் மறுபடி ஸ்பெயின் அணி. 2019-20 பருவத்தில் ஸ்பெயினின் முதல் பிரிவுப் போட்டியான லா லிகாவில் 11 கோல். அப்புறம் கத்தார், கடைசியில் சிறுவயதில் வளர்ந்த ரியல் ஒவியேதோ. 2025இல், 40 வயதில், அந்த அணி 24 வருடத்துக்குப் பிறகு முதல் பிரிவுக்கு ஏறியபோது களத்தில் இருந்தார்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. தையல் பிரித்த பிறகும் புண் ஈரமாக இருந்தால், நாற்றம் வந்தால், சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தால், அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் போங்கள். என்னிடம் வராதீர்கள், எண்ணெய் நீவுகிறவரிடமும் போகாதீர்கள். மஞ்சளோ பவுடரோ தூவாதீர்கள். மீதமிருக்கும் பழைய ஆன்டிபயாட்டிக்கை எடுத்து விழுங்காதீர்கள். கசிவைப் பரிசோதனைக்கு எடுப்பதற்கு முன் நீங்களாக விழுங்கினால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். சிகரெட்டை விட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் குதிகால் நாணையே பாதிக்கக்கூடியவை, அறுந்துபோகவும் செய்யும். ஸ்டீராய்டும் கூடச் சேர்ந்தால், வயதும் அறுபதைத் தாண்டியிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். மருத்துவர் எழுதினால் குதிகால் வலி இருப்பதைச் சொல்லுங்கள். போட்டிக்கு முந்தின நாள் குதிகால் நாணில் ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லி யாரையும் கெஞ்சாதீர்கள்.

பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பையன் நொண்டினால் உட்கார வையுங்கள். "கசோர்லாவைப் பார்" என்று சொல்லாதீர்கள்.

அந்தத் தம்பியை அன்று எந்தப் பயிற்சியும் செய்ய விடவில்லை. அவனுடைய மருத்துவருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். மாலையே புண்ணிலிருந்து மாதிரி எடுத்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை.