கம்பி கடந்தால்தான் கதை நகரும்

டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு ஒரு கை மட்டும் வீங்குகிறது. மோதிரம் கழலவில்லை, தோளிலும் மார்பிலும் ரத்தக் குழாய்கள் நீலமாகப் புடைத்துத் தெரிகின்றன. "உப்பு கூடிப்போச்சா?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். ஆனால் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்த ரத்த வழி) இருக்கும் கை மட்டும் வீங்கினால், அடைப்பு நெஞ்சுக்குள் இருக்கலாம்.

கையிலிருந்து திரும்பும் ரத்தம் காறையெலும்புக்கு அடியில் ஓடி, மேற்பெருஞ்சிரையில் சேர்ந்து இதயத்துக்குப் போகிறது. இந்தப் பெரிய சிரைகள் அடைபடுவதற்குப் பல நேரங்களில் சிகிச்சைக்காகப் போட்ட குழாயே காரணம். ஃபிஸ்டுலா முதிர வாரங்களோ மாதங்களோ ஆகும். அதுவரை பலருக்குக் கழுத்துச் சிரையில் செருகிய கதீட்டர் குழாய் வழியாகத்தான் டயாலிசிஸ் நடக்கும். இதயம் துடிக்கத் துடிக்க அது சிரைச் சுவரில் உரசுகிறது. சுவர் தடித்துத் தழும்பாகிறது. குழாயை எடுத்தாலும் தழும்பு போகாது. அப்புறம் தமனியோடு இணைத்த ஃபிஸ்டுலா நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல், சிலருக்கு 1 லிட்டருக்கும் மேல் ரத்தத்தை அனுப்பும்போது, குறுகிய வழியில் அது தேங்குகிறது. சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலை மூடினால் வண்டிகள் பக்கத்துச் சாலைகளில் நெரிவதைப் போல, மார்பின் சிறு சிரைகள் அந்தச் சுமையை ஏற்றுப் புடைக்கின்றன.

வீவக அடுக்குமாடிக் குடியிருப்பு புளோக்கின் கீழ்த்தளத்திலேயே டயாலிசிஸ் நிலையம் இருக்கும் ஊர் இது. நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவர்கள் இங்கே அதிகம் என்பதால், இந்தச் சிக்கல் நமக்குத் தூரத்து விஷயமில்லை.

சரி, எப்படித் திறக்கிறார்கள்? நெஞ்சைக் கீறுவதில்லை. 1953இல் சுவீடன் மருத்துவர் செல்டிங்கர் வெளியிட்ட முறைதான் அடிப்படை: ஊசி குத்தி, அதன் வழியே கம்பி விட்டு, ஊசியை எடுத்துவிட்டுக் கம்பி மேல் குழாயை ஏற்றுவது. பெரும்பாலும் மரப்பு ஊசியும் லேசான மயக்க மருந்துமே போதும். அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தினால் அடைப்பு எக்ஸ்ரே திரையில் தெரியும். ஈரம் பட்டால் வழுக்கும், 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன் கொண்ட கம்பியால் வழி தேடுவார்கள்.

நேரமும் பொறுமையும் இங்கேதான் செலவாகின்றன. கம்பி நுழையாவிட்டால் தொடைச் சிரை வழியாக இன்னொரு கம்பியைக் கீழிருந்து அனுப்பி, இரு பக்கமும் முயல்வார்கள். அதுவும் பலிக்காத சிலருக்கு நுண்ணிய ஊசியாலோ, ரேடியோ அலைச் சூட்டில் திசுவைத் துளைக்கும் கம்பியாலோ தழும்பைத் துளைக்கிறார்கள். திசை தவறினால் ஆபத்து: இதய உறைக்குள் ரத்தம் கசிந்து இதயத்தையே நெருக்கலாம். அதனால் இரண்டு கோணங்களில் படம் பார்த்த பிறகே அடுத்த அடி.

கம்பி கடந்ததும் அதன் மேல் பலூன் ஏறும். சிறியதில் தொடங்கி, பெரும்பாலும் 12, 14 மில்லிமீட்டர் வரை விரிப்பார்கள். விரியும்போது நெஞ்சில் வலி இருக்கும். வழி திறந்தால் சில நாட்களிலேயே வீக்கம் வடியத் தொடங்கும்.

ஆனால் சிரை மீண்டும் சுருங்கும் குணம் கொண்டது. சில மாதங்களில் திரும்ப வரவேண்டியவர்கள் நிறையப் பேர். உடனே ஸ்டென்ட் (சிரையைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைக்கலாமே என்றால், அது பக்கத்துச் சிரையின் வாயை மறைத்துவிடலாம். உள்ளேயும் தழும்பு வளரும். எனவே பலூன் நிலைக்காதவர்களுக்கே பெரும்பாலும் ஸ்டென்ட்.

டயாலிசிஸ் முடிந்து ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்க வழக்கத்தைவிட நேரமாவது, டயாலிசிஸ் எந்திரத்தில் சிரை அழுத்தம் ஏறுவது போன்றவையும் அறிகுறிகள். தாதியிடம் அப்போதே சொல்லிவிடலாம். முழுதாக மூடிய சிரையைவிடக் குறுகிய சிரையைக் கம்பி எளிதாகக் கடக்கும்.