புள்ளிக்கோடா, முழுக்கோடா?

சர்வதேச அமைப்பு ஒன்றில், அச்சுக்குப் போகும் அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலையாக இருந்தது. ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஊழியர் கொடுத்த வரைபடத்தில், இரு நாடுகளுக்கு இடையே தகராறில் இருக்கும் எல்லை அழுத்தமான முழுக்கோடாக இருந்தது. "சின்ன வயதிலிருந்து இப்படித்தானே பார்க்கிறேன்" என்றார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் அவர் பார்த்தது அவர் நாட்டுப் பாடப்புத்தகத்தை. எல்லைக்கு அப்பால் படித்த பிள்ளைக்கு அதே கோடு வேறு இடத்தில் ஓடும்.

ஐ.நா. வரைபடங்களில் ஜம்மு காஷ்மீரின் கட்டுப்பாட்டுக் கோடு புள்ளிக்கோடாகவே வரும். இறுதி நிலை குறித்து இரு தரப்பும் இன்னும் உடன்படவில்லை என்ற குறிப்பும் கூடவே இருக்கும். பிரிட்டனும் அர்ஜென்டினாவும் உரிமை கோரும் ஃபாக்லாந்து தீவுகளை அப்படி எழுதினால், அர்ஜென்டினா சொல்லும் பெயரையும் சேர்த்து, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் மால்வினாஸ் என்றும் எழுதுவார்கள். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தீர்ப்பு சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை. இல்லாத அதிகாரத்தை ஒரு கோட்டின் மூலம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சைப்ரஸில் 1964 முதல் ஐ.நா. அமைதிப்படை இருக்கிறது. கிரேக்க, துருக்கிய சைப்ரஸ் தரப்புகளுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒரு விவசாயி உழுவதற்கும், தண்ணீர்க் குழாயைப் பழுது பார்ப்பதற்கும்கூட அவர்கள்தான் நடுவில் நின்று பேச வேண்டும். ஒரு தரப்புக்கு நம்பிக்கை போய்விட்டால் அந்தப் பேச்சே நடக்காது.

நடுநிலையான நாடுகள் இருக்கலாம், நடுநிலையான மனிதர்கள் கிடையாது என்றார் சோவியத் தலைவர் குருஷேவ். 1961-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசிய அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் இதை ஏற்கவில்லை. மனசுக்குள் சாய்வு இருப்பது இயல்பு. அது இருக்கிறது என்று தெரிந்து, வேலையில் கலக்காமல் பார்த்துக்கொள்ள முடியும் என்பது அவர் வாதம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் சமூக வலைதளத்தில் நாம் போடும் ஒரு வரைபடம், ஒரு விருப்பக்குறி போதும். எதிர்த்தரப்பு நம்மைக் கணக்கு வைத்துக்கொள்ளும்.

அப்புறம், சொந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து வரும் அழைப்பு. "நம்ம ஆள்தானே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றுங்களேன்" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். ஐ.நா. ஊழியர் எந்த அரசிடமும் உத்தரவு கேட்கவோ பெறவோ கூடாது என்கிறது ஐ.நா. சாசனத்தின் 100-வது பிரிவு. அப்படி உத்தரவு தர முயலக் கூடாது என்று அரசுகளையும் அதே பிரிவு கட்டுப்படுத்துகிறது. மரியாதையாக மறுத்துவிட்டு, முறைப்படி எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அன்றே மேலதிகாரிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள்.