குரங்குத் தொல்லை: வீடு கட்டுவதற்கு முன்பே பினாங்கில் நீங்கள் கேட்கக்கூடியவை

தண்ணீர்மலைப் பக்கம் குடியிருப்பவர்கள் சமையலறை ஜன்னலுக்குக் கம்பிவலை அடிக்காமல் இருக்க முடியாது. தொல்லை முற்றினால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குப் போன் போடுகிறோம். சரிதான், ஆனால் கூண்டு வைப்பது கடைசிக்கட்ட வேலை. மலையடிவாரத்தில் எங்கே கட்டலாம், எந்த மரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் பேச நமக்கும் உரிமை உண்டு. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172) அதைத் தருகிறது.

எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுப்பது உள்ளூர்த் திட்டம். அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். அப்போது யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். உள்ளூர்த் திட்டம் நடப்புக்கு வராத இடத்தில் யாராவது கட்டுவதற்குத் திட்டமிடல் அனுமதி கேட்டால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மாநகர் மன்றம் கடிதம் அனுப்பும். பதில் சொல்ல 21 நாள் அவகாசம். கடிதம் உரிமையாளர் பெயருக்குத்தான் போகும், வாடகைக்கு இருப்பவர் கண்ணில் படாது. அதனால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

‘குரங்கு வரும்’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது. எந்த மரவரிசை வழியாக அவை நடமாடுகின்றன என்று படத்தோடு காட்டுங்கள். அந்த வரிசையை விட்டுவைக்க வேண்டும், குப்பை அறைக்குக் கதவு வேண்டும் என்று நிபந்தனையாகவே கேளுங்கள். குப்பையைத் தேடி வருவது பெரும்பாலும் கெரா எனும் நீண்ட வால் குரங்கு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட இன்னொரு குரங்கான லோத்தோங்கிற்கு இலைதழைதான் முக்கிய உணவு. மரவரிசை அறுந்தால் அது சாலையில் இறங்கி அடிபடுகிறது. தெலுக் பஹாங்கில் 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே பாலம் கட்டினார்கள். லோத்தோங், கெரா, அணில் எல்லாமே அதில் கடக்கின்றன. புதிய சாலை வரும் இடங்களில் இதையும் கேட்கலாம்.

மரத்துக்கும் தனி விதி இருக்கிறது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்து சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால், மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. உங்கள் சொந்த நிலமானாலும் இதுதான் விதி. பட்ட மரத்துக்கும், உடனே விழக்கூடிய ஆபத்தான மரத்துக்கும் விலக்கு உண்டு.

பினாங்கில் 76 மீட்டருக்கு மேலுள்ள நிலமும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலமும் மேம்பாட்டுக்கு உரியவை அல்ல என்பது மாநிலக் கொள்கை. ‘சிறப்புத் திட்டம்’ என்றொரு விலக்கும் இருக்கிறது. கண் வைக்க வேண்டிய சொல் அது.

அப்புறம், கோயிலுக்கு வந்த கையோடு வாழைப்பழம் நீட்டுவது. புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்கிறோம். ஆனால் பையைப் பார்த்தாலே பிடுங்கும் பழக்கம் கெராவுக்கு அங்கேதான் தொற்றுகிறது. அதற்காக நாமே பிடிக்கவோ விஷம் வைக்கவோ கூடாது. இரண்டுமே 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. குரங்கு வீட்டுக்குள் புகுந்துவிட்டால் கதவு ஒன்றைத் திறந்துவிட்டு, அதன் வழியை மறிக்காமல் ஒதுங்கி நின்று பெர்ஹிலித்தானை அழையுங்கள். மலைப்பாம்பு என்றால் 999.