கடைமடைக்கு வராத படம்: லினக்ஸ் போட்டதும் ஸ்கிரீன் ஏன் கருப்பாகுது?

போன ஆடியில திருத்துறைப்பூண்டி பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன், சாப்ட்டு கை கழுவுறதுக்குள்ள தம்பி லேப்டாப்ப கொண்டாந்து முன்னாடி வச்சுட்டான். தஞ்சாவூர்ல இன்ஜினியரிங் படிக்கிறான், யார்கிட்டயோ செகண்ட் ஹேண்ட்ல வாங்குன கேமிங் லேப்டாப். "அண்ணே, பென் டிரைவ் சொருகுனா லோகோ வருது, மெனு வருது, என்டர் தட்டுனா கருப்பு, அவ்ளோதான், லேப்டாப் போச்சா?"ன்னு கேட்டான். அந்த பென் டிரைவ் நான் ரெண்டு வருசம் முன்னாடி அவனுக்கு உபுண்டுங்கற லினக்ஸ் ஏத்திக் குடுத்தது, அத அப்ப நான் யோசிக்கல.

எங்க ஊரு கடைமடை. ஜூன் 12 மேட்டூர்ல தண்ணி திறந்தாச்சுன்னு டிவில பூ தூவுறத காட்டுவாங்க, அது கல்லணைக்கு வரவே மூணு நாலு நாள் ஆகும், அங்கேர்ந்து வெண்ணாத்துல எறங்கி நீடாமங்கலத்து மூணாறு தலைப்புல மறுபடி பிரிஞ்சு ஆறு வாய்க்காலாகி, வாய்க்கா கன்னியாகி (வயலுக்குப் பிரியுற சின்ன வாய்க்கா) எங்க வயல நனைக்கிறதுக்குள்ள சித்தப்பாவுக்கு பாதி உசுரு போயிடும். வயலு காஞ்சு கெடக்குன்னா மேட்டூரு வறண்டு போச்சுன்னு அவரு சொல்லமாட்டாரு, சைக்கிள எடுத்துக்கிட்டு வாய்க்கா கரையோட மேல போவாரு, எந்த மதகு வரைக்கும் தண்ணி நிக்குது எங்க அடைச்சிருக்குன்னு பாத்துட்டு வருவாரு. லேப்டாப் ஸ்கிரீனும் கடைமடைதான். படம் அங்க வந்து சேர்றதுக்கு முன்னாடி நாலஞ்சு கை மாறுது, கருப்பா இருக்குன்னா எந்தக் கையில நின்னுச்சுன்னு பாக்கணும், அத பாக்காம நெட்ல கெடைச்ச கமாண்டையெல்லாம் அடிக்கிறதுனாலதான் பாதிப்பேரு மூணாவது நாள் விண்டோசுக்கே திரும்பிடுறாங்க.

பவர் பட்டன அமுக்குனதும் லோகோ வருதுல்ல, அது லினக்ஸ் வேலையும் இல்ல விண்டோஸ் வேலையும் இல்ல. மதர்போர்டுல இருக்குற யுஇஎஃப்ஐ, அதான் நாம இன்னும் பயோஸ்னே சொல்றோமே அது, தனக்குத் தெரிஞ்ச அளவுக்கு ஸ்கிரீன எழுப்பி மெமரில ஒரு இடத்த ஒதுக்கி இங்க எழுதுனா ஸ்கிரீன்ல தெரியும்னு வச்சுக்கும். அந்த இடத்துக்கு ஃப்ரேம்பஃபர்னு பேரு. 1920க்கு 1080 ஸ்கிரீன்ல 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளி இருக்கு, புள்ளிக்கு 4 பைட், ஆக ஒரு படத்துக்கு 8 எம்பி கிட்ட, அத செகண்டுக்கு 60 தடவ படிச்சு ஸ்கிரீனுக்கு அனுப்புனா கிட்டத்தட்ட 500 எம்பி, ஒவ்வொரு செகண்டும், நீங்க சும்மா வால்பேப்பர பாத்துக்கிட்டு இருக்கும்போதும். அடுத்து வர்ற கிரப் மெனு, அதான் எந்த சிஸ்டத்த ஏத்தணும்னு கேக்குறது, அந்த ஃப்ரேம்பஃபர்லதான் எழுதுது, லினக்ஸோட உள்மையமான கெர்னலும் முதல் ரெண்டு மூணு செகண்டு அதையேதான் வாங்கி ஓட்டுது. அதனால லோகோ வந்துச்சு மெனு வந்துச்சுன்னா ஸ்கிரீன் கேபிள் பேக்லைட் எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம், தம்பி பயந்த மாதிரி லேப்டாப் எங்கயும் போகல.

அப்புறம்தான் கை மாறுது. கெர்னல், சிப்புகள இணைக்கிற பாதையான பிசிஐ பஸ்ஸுல யாரு யாரு இருக்கான்னு விசாரிக்கும், ஒவ்வொரு சிப்பும் கம்பெனி நம்பர் ஒண்ணு மாடல் நம்பர் ஒண்ணு சொல்லும். இன்டெலுக்கு 8086, ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டுக்கு 1002, என்விடியாவுக்கு 10டிஇ. (8086ங்கறது 1978ல இன்டெல் விட்ட பிராசசரோட பேரு, அதையே தன் அடையாள நம்பரா வச்சுக்கிட்டாங்க, குறும்புதான்.) அந்த நம்பருக்கு ஏத்த டிரைவர், அதான் அந்த சிப்ப ஓட்டத் தெரிஞ்ச சாஃப்ட்வேர், எழுந்து வந்து இனிமே இந்த ஸ்கிரீன நான் பாத்துக்குறேன்னு சொல்லும். எங்க ஊரு பாஷையில சொன்னா மதகு திறந்து மூடுற லஸ்கர் வந்து ஷட்டர் சாவிய கையில வாங்குற நேரம். ரெசல்யூஷன் என்ன, ரிஃப்ரெஷ் எவ்ளோ, எந்த போர்ட்டு வழியா அனுப்பணும், பேக்லைட் எத்தன சதவீதம், எல்லாத்தையும் டிரைவர் புதுசா செட் பண்ணும். இதுக்குத்தான் கெர்னல் மோட் செட்டிங்னு பேரு, 2009லேர்ந்துதான் இது கெர்னலுக்குள்ள வந்துச்சு, அதுக்கு முன்னாடி மேல இருந்து விண்டோவெல்லாம் காட்டுற எக்ஸ் சர்வரே நேரா கார்டோட பேசிக்கிட்டு இருந்துச்சு. பழைய ஃப்ரேம்பஃபர விட்டாச்சு, புதுசு இன்னும் ஓடல, அந்த அரை செகண்டுல டிரைவர் தடுமாறுனா ஸ்கிரீன் கருப்பு. லோகோ வந்து மெனு வந்து அப்புறம் கருப்புங்கறதுல பெரும்பாலானது இந்த எடத்துலதான் நிக்கும்.

முதல்ல மெஷின் உசுரோட இருக்கான்னு பாக்கணும், அதுக்கு ஒரு காசு செலவில்ல, கேப்ஸ் லாக்க தட்டுங்க. லைட்டு மாறுனா கெர்னல் பெரும்பாலும் ஓடிக்கிட்டுதான் இருக்கு, படம்தான் வரல. அடுத்தது ரூம் லைட்ட அணைச்சுட்டு செல்போன் டார்ச்ச ஸ்கிரீன்ல சாய்வா அடிங்க, நிழலாட்டம் எழுத்து தெரிஞ்சா படம் வந்திருக்கு பேக்லைட்தான் எரியல, அது வேற வியாதி (ஓஎல்இடி ஸ்கிரீன்ல பேக்லைட்டே கெடையாது, அங்க இது செல்லாது). அப்புறம் கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3. கருப்பு மேல வெள்ளையா லாகின் கேட்டுச்சுன்னா டிரைவர் வரைக்கும் தண்ணி வந்திருச்சு, அடைப்பு அதுக்கு மேல இருக்குற டெஸ்க்டாப்புலயோ லாகின் ஸ்கிரீன்லயோ இருக்கு. தம்பி லேப்டாப்புல கேப்ஸ் லாக்கே அசையல. கெர்னலே தொங்கிடுச்சு.

இந்த இடத்துல லேப்டாப்புக்கே உரிய ஒரு வில்லங்கம் இருக்கு. கேமிங் லேப்டாப்ல கார்டு ரெண்டு, பிராசசரோட ஒட்டி வர்ற சின்ன கார்டு ஒண்ணு, தனியா சூடேத்துற பெரிய கார்டு ஒண்ணு. நிறைய மாடல்ல ஸ்கிரீன் கேபிள் சின்னதுல மட்டும்தான் சொருகியிருக்கும். பெரிய கார்டு எவ்ளோ வேகமா படம் வரைஞ்சாலும் அத சின்ன கார்டோட மெமரிக்கு காப்பி பண்ணி அது வழியாதான் ஸ்கிரீனுக்கு அனுப்ப முடியும். சித்தப்பாகிட்ட இத சொன்னதும் "நம்ம மேலத்தாக்கு வயலு மாதிரின்னு சொல்லு தம்பி"ன்னாரு, அந்த வயலுக்கு வாய்க்கால்ல தனி மடை கெடையாது, பக்கத்து வயலு வழியா வயலுக்கு வயல் பாயணும், பக்கத்துக்காரர் வரப்ப அடைச்சா இவரு நாத்து காயும். நான் அரைமணி நேரம் தம்பிக்கு விளக்குனத அவரு வெத்தல மடிச்சுக்கிட்டே ஒரு வரியில முடிச்சுட்டாரு. ஹெச்டிஎம்ஐ போர்ட்டு மட்டும் பல மாடல்ல பெரிய கார்டுல நேரா மாட்டியிருப்பாங்க, அதனாலதான் லேப்டாப் ஸ்கிரீன் நல்லா ஓடும், வெளி மானிட்டர் சொருகுனா ஒண்ணுமே வராது, மக்கள் கேபிள மாத்தி மாத்தி வாங்கிக்கிட்டு இருப்பாங்க.

இதுல இன்டெல் ஏஎம்டி டிரைவரெல்லாம் கெர்னலோடயே வந்துடும். என்விடியா கதை தனி. அவங்க டிரைவர் ரொம்ப காலம் மூடின பொட்டியாவே இருந்துச்சு, அதனால வெளியாளுங்க கார்டு எப்படி நடந்துக்குதுன்னு பாத்து பாத்தே நூவோன்னு ஒரு டிரைவர் எழுதுனாங்க, அது 2010ல கெர்னலுக்குள்ள வந்துச்சு. 2012ல ஃபின்லாந்துல ஒரு மேடையில லினக்ஸ உண்டாக்குன லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவ பாத்து நடுவிரல காட்டி என்விடியாவ திட்டுனது இந்தக் கடுப்புலதான். 2014க்கு அப்புறம் வந்த கார்டுகள்ல கம்பெனி கையெழுத்துப் போட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளயே ஓடுற சாஃப்ட்வேர்) இல்லாம பல வேலை நடக்காதுன்னு ஆச்சு, அதனால நூவோவுக்கு கார்ட முழு வேகத்துக்கு ஏத்த வழியில்லாம போச்சு. 2022 மே மாசம் என்விடியாவே தன் கெர்னல் மாட்யூலோட (கெர்னலுக்குள்ள சேந்து ஓடுற டிரைவர் துண்டு) சோர்ஸ் கோட எல்லாருக்கும் திறந்து விட்டுச்சு, ஆனா 2018ல வந்த டியூரிங் வகை கார்டும் அதுக்கப்புறம் வந்ததும் மட்டும்தான் அதுல ஓடும், பழைய கார்டுக்காரங்களுக்கு பழைய வழிதான்.

தம்பி விஷயத்துல தப்பு என் பக்கம். ரெண்டு வருசப் பழைய பென் டிரைவ்ல ரெண்டு வருசப் பழைய கெர்னல், அது வெளிவந்தப்ப தம்பியோட என்விடியா கார்டே கடைக்கு வரல, கல்லணைக் கால்வாய்ல வேலை பாத்த லஸ்கர கொண்டாந்து கொள்ளிடம் ஷட்டர்ல நிறுத்துன மாதிரி. புது ஐஎஸ்ஓ (பென் டிரைவ்ல ஏத்துற ஃபைல்) எடுத்தாலே பாதி முடிஞ்சிருக்கும், ஆனா 5 ஜிபிக்கு மேல, அன்னைக்கு மழை, டவர் ஒரு கோடுதான் காட்டுச்சு. அதனால நோமோட்செட்.

கிரப் மெனுவுல என்டர் தட்டாம ஈ எழுத்த தட்டுனா உள்ள இருக்குற வரியெல்லாம் தெரியும், லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியில கொயட் ஸ்ப்ளாஷ்னு இருக்குற இடத்துக்குப் பக்கத்துல நோமோட்செட்னு ஒரே சொல்லா சேத்து அடிச்சுட்டு எஃப்10. டிரைவர்களே, யாரும் மோட் செட் பண்ணாதீங்கன்னு சொல்றதுதான் இது. யுஇஎஃப்ஐ குடுத்த பழைய ஃப்ரேம்பஃபர்லயே எல்லாம் ஓடும், கார்டு சும்மா நிக்கும், கோடு கோடா எல்லாத்தையும் பிராசசரே வரையும். எங்க தம்பி லேப்டாப்பும் எழுந்துச்சு, இன்ஸ்டாலும் ஆச்சு, நான் மறுநாள் காலையில பஸ் ஏறிட்டேன். இங்கதான் ரெண்டு பேரும் கோட்ட விட்டோம்.

ரெண்டு நாள் கழிச்சு போன் பண்றான். "அண்ணே வருது, ஆனா யூடியூப் தத்தி தத்தி ஓடுது, ஃபேன் கத்துது, பிரைட்னஸ் கூட்ட முடியல." என்விடியா டிரைவர் போட்டியாடான்னா போட்டுட்டேன்னான். ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ ஹைஃபன் பெரிய பி அடிக்கச் சொன்னேன், ரெண்டரர்ங்கற வரியில எல்எல்விஎம்பைப்னு வந்துச்சு. அந்தப் பேர பாத்தாலே கார்டு வேலை செய்யல, பிராசசர்தான் வரையுதுன்னு முடிவு பண்ணிடலாம். எல்எஸ்பிசிஐ ஹைஃபன் கே அடிச்சா ரெண்டு கார்டும் பட்டியல்ல இருக்கு, கெர்னல் டிரைவர் இன் யூஸ்னு வரவேண்டிய வரி ரெண்டுக்குமே இல்ல. வயலு ரெண்டும் இருக்கு, மடை ரெண்டும் அடைச்சிருக்கு, அதுவும் ஆளுக்கொரு காரணத்துல.

சின்ன கார்டுக்கு காரணம் அந்த நோமோட்செட்தான். ஒரு தடவைக்குன்னு நாம மெனுவுல அடிச்சத இன்ஸ்டாலர் நெனப்பா எடுத்துக்கிட்டு புது சிஸ்டத்தோட கிரப் ஃபைல்லயும் எழுதி வச்சிருச்சு, நிரந்தரமா. அத எடுத்துட்டு அப்டேட்கிரப் கமாண்ட ஓட்டுனா சரி. இன்னொண்ணும் சொல்லணும், பிரச்சன பெரிய கார்டுலதான்னு தெரிஞ்சா நோமோட்செட் போடவே வேணாம், நூவோ புள்ளி மோட்செட் ஈக்வல் பூஜ்யம்னு போட்டா அந்த ஒரு டிரைவர் மட்டும் ஒதுங்கும், இன்டெல் பாட்டுக்கு ஓடும். ஒரு கன்னி உடைஞ்சதுக்கு யாராவது வெண்ணாத்து தலைப்பையே மூடுவாங்களா, நான் மூடுனேன், அவசரத்துல.

பெரிய கார்டுக்கு காரணம் செக்யூர் பூட். டிரைவர் கெர்னலுக்குள்ளயே ஓடுற சாமான், அதுக்கு எல்லா அதிகாரமும் உண்டு, அதனால செக்யூர் பூட் ஆன்ல இருந்தா கையெழுத்து இல்லாத மாட்யூல கெர்னல் உள்ள விடாது. கம்ப்யூட்டர்லயே கட்டுன மாட்யூலுக்கு கம்ப்யூட்டரே ஒரு சாவி உண்டாக்கி கையெழுத்துப் போடும், அந்த சாவிய நம்பலாம்னு நீங்க நேர்ல உக்காந்து ஒரு தடவ சொல்லணும். அதுக்காக டிரைவர் போடும்போது பாஸ்வேர்ட் கேட்டு, ரீஸ்டார்ட்ல நீல கலர் ஸ்கிரீன் ஒண்ணு வரும், எம்ஓகே மேனேஜ்மென்ட்னு, பத்து செகண்டுல கீ எதையும் தட்டலன்னா அது பாட்டுக்கு போயிடும். தம்பி அத பாத்திருக்கான், வைரஸ்னு நெனச்சு கையே வைக்கல! அதுக்கப்புறம் ஒவ்வொரு பூட்லயும் கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்னு கெர்னல் திருப்பி அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு, என்விடியா டிரைவர் போடும்போது நூவோவையும் பிளாக்லிஸ்ட் பண்ணிடும்ங்கறதால அதுவும் வரல. எம்ஓகேயூடில்ங்கற கமாண்டால அந்த சாவிய மறுபடி இம்போர்ட் பண்ணி, ரீஸ்டார்ட்ல என்ரோல் எம்ஓகே எடுத்து, அதே பாஸ்வேர்ட அடிச்சான், முடிஞ்சுது. பயோஸ்ல செக்யூர் பூட்டையே ஆஃப் பண்ணிடுன்னு சொல்ற ஆளுங்களும் உண்டு, வேலை ஆகும்தான், ஆனா பக்கத்துல விண்டோஸ் பிட்லாக்கரோட (டிஸ்க்க பூட்டி வைக்கிறது) இருந்தா அடுத்த தடவ 48 டிஜிட் ரெக்கவரி கீ கேட்டு நிக்கும், அது கையில இல்லன்னா உள்ள இருக்குற ஃபைலெல்லாம் சாமிக்கு நேந்து விட்டதுதான்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டான், கெர்னல் அப்டேட் ஆனதும் பழைய குருடி கதவத் திறடின்னு ஆயிடுச்சாம். வெளியேர்ந்து போட்ட டிரைவர் அந்தந்த கெர்னலுக்குன்னே தனித்தனியா கட்டப்படணும், டிகேஎம்எஸ்ங்கறது அத தானா கட்டும், ஆனா புது கெர்னலோட ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லன்னா கட்ட முடியாம விட்டுடும். கிரப்ல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் முந்தின கெர்னல எடுடா, அது அங்கயேதான் இருக்கும், உள்ள வந்ததும் ஹெடர்ஸ போட்டுக்கன்னேன். போன்ல பின்னாடி சித்தப்பா குரல் கேட்டுச்சு, "எந்த மதகாம்?"