கண்டல் வேருக்கு உப்பு கழுவும் நண்டு

எண்ணூர் காட்டுக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கழிமுகத்தில் கண்டல் (அலையாத்தி) செடி நட்டால் நண்டு கடித்துப் போடுகிறது. நண்டை ஒழித்தால்தானே காடு வளரும்?"

கடிப்பது உண்மைதான். முளைவிட்ட விதையும் இளந்தண்டும் சில நண்டுகளுக்கு நல்ல தீனி. ஆனால் நண்டு இல்லாத சேற்றில் கண்டல் நன்றாகத் தழைக்காது.

இலை விஷயம் பலருக்குத் தெரியும். உதிர்ந்த இலையை நண்டு வளைக்குள் இழுத்துப்போய்த் தின்கிறது. இல்லையென்றால் ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) வற்றும்போது அந்த இலை கடலுக்குப் போய்விடும். நண்டின் கழிவு காட்டுக்கே உரமாகிறது. சரி, வளைக்கு வருவோம்.

கழிமுகச் சேற்றில் மேற்பரப்பைத் தாண்டினால் ஆக்சிஜன் இல்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகின்றன. சேற்றைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான், வேருக்கு நஞ்சு. எண்ணூரில் நிறைய இருக்கும் வெண்கண்டல், காற்றுக்காக மூச்சுவேர்களை மேலே நீட்டுகிறது. நண்டு வளையும் சேற்றுக்குள் காற்றை இறக்கி அந்த நஞ்சைக் குறைக்கிறது.

உப்பு இதைவிடப் பெரிய தொல்லை. கண்டல் வேர் தண்ணீரை மட்டும் இழுத்துக்கொண்டு உப்பில் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிடும். அந்த உப்பு எங்கே போகும்? வேரைச் சுற்றியே சேர்கிறது. சேற்றில் உப்பு ஏற ஏற, வேர் தண்ணீர் இழுப்பது கடினமாகிறது. களிமண்ணில் நீர் நகர்வதோ மிக மெதுவாக. ஆனால் வளையில் நிற்கும் நீருக்குள் சுற்றியுள்ள உப்பு கசிந்து இறங்குகிறது. ஓதம் ஏறும்போது, பல வாய்கள் உள்ள வளையில் ஒரு வாய் வழியாகப் புகும் புதுநீர், உப்பு நீரை இன்னொரு வாய் வழியாகத் தள்ளிவிடுகிறது. சென்னைக் கடலில் தினமும் இருமுறை ஓதம் ஏறுகிறது. ஓதநீர் எட்டும்போதெல்லாம் வேரடி கழுவப்படுகிறது. நண்டு தன் வீட்டைத்தான் தோண்டியது, அதில் ஒரு காட்டுக்கே வடிகால் அமைந்துவிட்டது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு கண்டல் காட்டில் நண்டுகளை அகற்றிப் பார்த்தார்கள். மண்ணில் சல்ஃபைடும் அம்மோனியமும் கூடின, மரங்களின் வளர்ச்சி குறைந்தது. 1991இல் வெளியான ஆய்வு இது.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்துக்குள் எண்ணெய் வந்தது. காற்றும் நீரும் இறங்கும் வளை வழியாக எண்ணெயும் இறங்கும். அதனால், எத்தனை நாற்று நட்டோம் என்ற கணக்கோடு நிறுத்தாமல், வளைகளையும் ஆண்டுதோறும் எண்ணுவதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. முகத்துவாரம் மணல்மூடி ஓதம் தடைபடாமலும் பார்க்க வேண்டும். நீர் வராத வளையால் உப்பைக் கழுவ முடியாது.

வாசகருக்கு: விதையை நேரே ஊன்றாமல், நாற்றங்காலில் வளர்த்துத் தண்டு முற்றிய பிறகு நடுங்கள். நண்டின் கடிக்குத் தப்பும் செடிகள் கூடும்.