சோகம் போனால் எழுத்தும் போய்விடுமா?

மனச்சோர்வோடு என்னிடம் வருகிறவர்களில் எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், சினிமாவில் உதவி இயக்குநராக இருப்பவர்கள் கணிசம். நான் மருத்துவ உளவியலாளர். பேச்சுவழிச் சிகிச்சைதான் என் வேலை, மருந்து எழுதுவதில்லை. "மனநல மருத்துவர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள், மாத்திரை தேவைப்படலாம்" என்று சொன்னதும் இவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "மாத்திரை சாப்பிட்டா அப்புறம் எனக்கு எழுத வருமா மேடம்?" சிலர் கேட்பதுகூட இல்லை. மருத்துவர் எழுதித் தரும் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மருந்துக் கடைப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. எழுத்துதான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று நம்புகிற ஒருவரிடம் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பதை உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

'கலைஞன் என்றால் வேதனை' என்ற எண்ணத்துக்கு அறிவியல் ஆதாரமாகப் பலரும் காட்டுவது, அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசன் 1987-இல் வெளியிட்ட ஆய்வு. அயோவா எழுத்தாளர் பயிலரங்கைச் சேர்ந்த 30 எழுத்தாளர்களையும், வேறு தொழில்களில் இருந்த 30 பேரையும் அவர் ஒப்பிட்டார். எழுத்தாளர்களில் 80 சதவீதம் பேருக்கு வாழ்வில் ஏதோ ஒரு காலத்தில் மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறு இருந்திருக்கிறது; மற்றவர்களில் 30 சதவீதம். இந்த எண்தான் ஊர் ஊராகச் சுற்றுகிறது. பேட்டி கண்டவர் அவர் ஒருவரே, எதிரில் இருப்பவர் எழுத்தாளரா இல்லையா என்று தெரிந்தேதான் கண்டார் என்பது கூடவே சுற்றுவதில்லை. நோய் முற்றியிருந்தபோது தங்களால் எழுத முடியவில்லை, மனம் சரியாக இருந்த காலத்தில்தான் எழுதினோம் என்று அந்த எழுத்தாளர்களே சொன்னதும் சுற்றுவதில்லை. எனக்கு அந்த 80 சதவீதத்தைவிட இது முக்கியம்.

பிறகு ஸ்வீடனில் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 12 லட்சம் நோயாளிகளின் பதிவேடுகளையும், அவர்களுடைய உறவினர்களின் பதிவேடுகளையும் அலசி 2013-இல் வெளியிட்டார்கள். கலை, அறிவியல் துறைகளில் இருப்பவர்களுக்குப் பொதுவாக மனநோய் அதிகம் இல்லை. மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும், பைபோலார் எனப்படும் இருதுருவக் கோளாறு மட்டும் கொஞ்சம் கூடுதல். ஆனால் எழுத்தாளர்கள் விஷயத்தில் கணக்கு மாறுகிறது. மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் எல்லாமே அவர்களிடம் அதிகம். தற்கொலையால் இறப்பது மற்றவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம். இதைப் படித்துவிட்டு யாராவது சோகத்தை எழுத்தின் மூலதனம் என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. வேறு ஒரு வழியாக இருக்கிறது. 2005-இல் பால் வெர்ஹாகன் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கல்லூரி மாணவர்களிடம் மூன்றை அளந்து பார்த்தார்கள்: மனச்சோர்வு, படைப்பு ஈடுபாடு, தன்னைப் பற்றியே திரும்பத் திரும்ப யோசிக்கும் பழக்கம். மனச்சோர்வுக்கும் படைப்புக்கும் நேரடித் தொடர்பு கிடைக்கவில்லை. ஆனால் அந்த யோசிக்கும் பழக்கம் இரண்டோடும் சேர்ந்து வந்தது. அதாவது, உள்ளே பார்க்கும் மனசு ஒருவரை எழுதவும் வைக்கலாம், படுக்கையில் தள்ளவும் செய்யலாம். படுக்கையில் விழுந்ததால் எழுத்து வந்தது என்று ஆகாது.

அந்த யோசனையும் ஒரே வகை இல்லை. சூசன் நோலன்-ஹோக்சிமா இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2003-இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, நடந்ததைப் புரிந்துகொள்ள நிதானமாக அசைபோடுவது. மற்றது, 'எனக்கு ஏன் இப்படி' என்று செக்குமாடு போல ஒரே இடத்தைச் சுற்றுவது. இரண்டாவது வகை அதிகமாக இருந்தவர்களுக்குப் போகப்போக மனச்சோர்வு கூடியது. முதல் வகை, அந்தச் சமயத்தில் மனசைக் கனக்க வைத்தாலும், நாளடைவில் மனச்சோர்வு குறைவதோடு சேர்ந்து வந்தது.

மூளைக்குள் இது எப்படித் தெரிகிறது? 2001-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரைக்கில் குழு ஒன்றைச் சுட்டிக் காட்டியது. குறிப்பாக எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதுகூட மூளையின் சில பகுதிகள் மும்முரமாக இருக்கின்றன. வேலை கொடுத்தால் அவை அடங்குகின்றன. 'டீஃபால்ட் மோட் நெட்வொர்க்' என்று இதற்குப் பெயர். பழைய நினைவு, நாளைய கற்பனை, 'நான்' என்ற எண்ணம் எல்லாம் இங்கே புழங்குபவை. இன்னொன்று கட்டுப்பாட்டு வலையமைப்பு: கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, வேண்டாததைத் தள்ளுவது அதன் வேலை. மூன்றாவதாக 'சேலியன்ஸ்' வலையமைப்பு. இப்போது எது முக்கியம் என்று பார்த்து, முதல் இரண்டுக்கும் இடையே மாறிக்கொள்ள உதவுகிறது.

பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ரோஜர் பீட்டி பல ஆண்டுகளாகப் படைப்புத் திறனுக்கும் இந்த வலையமைப்புகளுக்கும் உள்ள உறவை ஆராய்பவர். 2018-இல் வெளிவந்த ஆய்வில் 163 பேரை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, சாதாரணப் பொருள் ஒன்றின் பெயரைச் சொல்லி, அதை யாரும் நினைக்காத விதத்தில் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று யோசிக்கச் சொன்னார்கள். புதுமையான பதில்களைச் சொன்னவர்களின் மூளையில் இந்த மூன்றும் வலுவாகக் கைகோத்து இயங்கின. சாதாரணமாக ஒன்று எழும்போது மற்றது அடங்கிப் போகிற அமைப்புகள் இவை. மனசு அலையவும் வேண்டும், அலைந்து கொண்டுவந்ததில் எது தேறும் என்று பார்க்கவும் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில்.

மனச்சோர்வில் இந்தக் கூட்டு கெடுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. 500-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைத் திரட்டி 2015-இல் வெளிவந்த தொகுப்பாய்வில், கட்டுப்பாட்டு வலையமைப்புக்குள் இணைப்பு தளர்ந்தும் டீஃபால்ட் வலையமைப்புக்குள் இணைப்பு இறுகியும் இருந்தது. 2019-இல் சீனாவில் 25 குழுக்கள் சேர்ந்து 1300 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு வேறு மாதிரி சொன்னது. திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்தவர்களிடம் டீஃபால்ட் வலையமைப்பின் இணைப்பு குறைந்தே இருந்தது, அது மருந்து எடுத்துக்கொள்வதோடும் தொடர்புடையதாக இருந்தது. விவாதம் இன்னும் முடியவில்லை. அதனால்தான், "ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா?" என்று கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்கிறேன். இந்த ஆய்வுகள் நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியைப் பேசுபவை. தனி ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று சொல்லும் ஸ்கேன் இன்று கிடையாது. இரண்டு வாரமாக மனசு எப்படி இருக்கிறது, தூக்கம், பசி, ஆர்வம் எப்படி என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறோம். அந்தப் பணத்தைச் சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை அறையில் இது எப்படி நடக்கிறது என்று ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கதை எழுதும் ஓர் இளைஞர். பத்திரிகைக்கு அனுப்பிய கதை திரும்பிவிட்டது. அதைப் பற்றி நோட்டில் மூன்று பக்கம் எழுதிக் கொண்டுவந்தார்: ஏன் எனக்கு மட்டும், நான் எதற்கும் லாயக்கில்லையா, எப்போதுமே இப்படித்தானே. மூன்று பக்கத்திலும் ஓர் இடம் இல்லை, நேரம் இல்லை, ஒரு மனிதர் இல்லை. அவர் கதைகளில் தெருமுனைப் பெட்டிக்கடைகூடத் துல்லியமாக வரும்.

"மெயிலை எங்கே வைத்துப் பார்த்தீங்க?" என்று கேட்டேன். பஸ்ஸில், ராத்திரி பதினோரு மணிக்கு மேல். "சாப்பிட்டிருந்தீங்களா?" இல்லை. "மெயிலில் என்ன எழுதியிருந்தாங்க?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போனை எடுத்துப் படித்தார். முடிவு அவசரப்பட்டுவிட்டது, திருத்தி அனுப்புங்கள் என்று இருந்தது. அந்த வரி அவர் நினைவிலேயே தங்கவில்லை. "கடைசி இரண்டு பக்கத்தை எப்போ எடுத்துப் பார்க்கலாம்?" என்றேன். வியாழக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் முன் என்றார்.

'ஏன்' என்பதிலிருந்து 'எங்கே, எப்போது, எப்படி, அடுத்து என்ன' என்பதற்கு மாற்றும் இந்த முறையை வளர்த்தவர் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் வாட்கின்ஸ். மருந்து எடுத்தும் முழுதாகத் தேறாத 42 பேரிடம், வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்தபோது நல்ல முன்னேற்றம் இருந்ததாக 2011-இல் வெளியிட்டார். எழுதுகிறவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடுகிறது. கதைக்குள் தினமும் செய்வதைத் தங்கள் விஷயத்திலும் செய்யச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

மருந்துக்கு வருவோம். டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ, இருதுருவக் கோளாறுக்கு லித்தியம் எடுத்துக்கொண்ட 24 கலைஞர்களை 1979-இல் விசாரித்தார். படைப்பு கூடியது என்றவர்கள் 12 பேர், மாற்றமில்லை என்றவர்கள் 6, குறைந்தது என்றவர்கள் 6. அந்தக் கடைசி ஆறு பேரையும் மறைக்க நான் விரும்பவில்லை. மனச்சோர்வு மருந்துகளிலும் சிலருக்கு அழுகையும் வருவதில்லை, சந்தோஷமும் வருவதில்லை, எல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது. அப்படியிருந்தால் மருத்துவரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரலாம், நோயும் திரும்பலாம்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். உதவிக்கான தொலைபேசி எண்கள்: இந்தியாவில் 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்), தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926. எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, கலைத்துறையினர் பலர் இதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். முன்பு எப்போதாவது நான்கைந்து நாட்களோ அதற்கு மேலோ, தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லாமல், யோசனைகள் கொட்டி, பேச்சு நிற்காமல், கையில் இருந்த பணமெல்லாம் செலவாகி இருந்ததா? உங்களுக்கு அது 'நல்லா எழுதின காலம்' என்று தோன்றலாம். மருத்துவருக்கு அது இருதுருவக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம். அப்படியானால் மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பது ஆபத்து. அதுவே உங்களை அந்த உச்சத்துக்குத் தள்ளிவிடக்கூடும். மனநல மருத்துவரை முதல் தடவை பார்க்கும்போதே அந்த நாட்களைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அப்போது கூட இருந்த ஒருவரை, மனைவியோ அண்ணனோ அறை நண்பரோ, அழைத்துப் போங்கள். நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.